எந்தக் கல்லிலிருந்து?

காஞ்சிபுரம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது பட்டும் கோயிலும். மாவட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு மூன்றாவதாக ஒன்று உண்டு, ஏரி. பாலாறு வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் வெறும் மணலாகக் கிடக்கும் ஊர் இது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டமும் ஏரியையும் கிணற்றையும் நம்பித்தான். ஏரிக்குக் கீழே ஆயக்கட்டு, ஆயக்கட்டு முழுக்கத் துண்டு துண்டாக வயல்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியிடம் இருக்கும் நிலம் சராசரியாக 0.75 ஹெக்டேர். உத்திரமேரூர் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு இருப்பது 84 சென்ட். அதில் பாதி பெரியப்பாவுடையது.

இந்த அளவு நிலத்தில் செயற்கைக்கோளுக்கு என்ன வேலை? துல்லிய ஜிபிஎஸ் விவசாயம் என்று யூடியூபில் தேடினால் வருவதெல்லாம் அமெரிக்காவின் மக்காச்சோள வயல்கள். டிராக்டர் தானாகவே ஓடும், ஓட்டுநர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குச் சால் ஒரே நேர்கோட்டில் போகும். எங்கள் வயலின் நீளம் 58 மீட்டர். அந்த டிராக்டர் இங்கே திரும்புவதற்குள் அடுத்தவர் வயலில் இருக்கும்.

நான் கிண்டியில் புவியியல் தகவல் தொழில்நுட்பம் படித்தவன். ஒரு தனியார் நில அளவை ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கிறேன். தினமும் ரோவர் கருவியைத் தூக்கிக்கொண்டு அலைகிறவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது இது: நம் ஊரில் இந்தத் துல்லியம் டிராக்டர் வழியாக வரப்போவதில்லை. வரப்பு வழியாக வருகிறது. வந்தும்விட்டது.

*

முதலில் வந்தது செல்போன். 2024 நவம்பரில் வேளாண் கல்லூரி மாணவர்களை டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்புக்காக ஊர் ஊராக அனுப்பினார்கள். ஒவ்வொரு சர்வே எண்ணாகப் போய் நின்று, என்ன பயிர் என்று போனில் பதிய வேண்டும். எங்கள் ஊருக்கும் வந்தார்கள். சேற்றில் இறங்கத் தயங்கி வரப்பிலேயே நின்ற ஒரு பிள்ளையிடம் அப்பா, "இறங்கும்மா, நாங்கல்லாம் இறங்கலயா" என்றார்.

சாதாரண செல்போன் ஜிபிஎஸ், திறந்த வானத்தின் கீழ் மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை தப்பும். ஓலா ஆட்டோவுக்கு அது போதும். 58 மீட்டர் நீளமுள்ள ஒரு வரப்பில் ஐந்து மீட்டர் தப்பினால் கணக்கு 290 சதுர மீட்டர், அதாவது ஏழு சென்ட். எங்கள் பங்கே 42 சென்ட்தான். ஆறில் ஒரு பங்கு நிலம் போனுக்குள்ளேயே பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

அதே வரப்பில் ரோவர் வைத்தால் தவறு இரண்டு சென்டிமீட்டர், நிலமாகச் சொன்னால் ஒரு கட்டில் போடும் இடம்கூட இல்லை. இது எப்படிச் சாத்தியம் என்று கேட்பவர்களுக்கு நான் பழைய சர்வேயர் சங்கிலியை வைத்துத்தான் விளக்குவேன்.

வெள்ளைக்காரன் காலத்துச் சங்கிலி 66 அடி, அதில் நூறு கண்ணி. ஒரு கண்ணி கிட்டத்தட்ட 20 சென்டிமீட்டர். சர்வேயர் முழுச் சங்கிலிகளை எண்ணுவார், மிச்சத்தைக் கண்ணிகளில் எண்ணுவார். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் அனுப்பும் முக்கியமான ரேடியோ அலையின் நீளம் 19 சென்டிமீட்டர். ஏறக்குறைய அதே கண்ணி. செயற்கைக்கோள் இருப்பது 20,200 கிலோமீட்டர் உயரத்தில். அதாவது வானத்திலிருந்து வயல் வரைக்கும் பத்துக் கோடிக்கு மேல் கண்ணி உள்ள ஒரு சங்கிலி தொங்குகிறது. ரோவருக்குக் கடைசிக் கண்ணியில் எவ்வளவு மிச்சம் என்பது மில்லிமீட்டர் கணக்கில் தெரியும். முழுக் கண்ணிகள் மொத்தம் எத்தனை என்பதுதான் தெரியாது.

அதைக் கண்டுபிடிக்க இரண்டாவது ஆள் வேண்டும். இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு புள்ளியில் ஓர் ஆன்டெனாவை நட்டுவைத்து, இருபத்துநாலு மணி நேரமும் அதே செயற்கைக்கோள்களைக் கேட்க விடுகிறார்கள். வளிமண்டலம் சிக்னலைத் தாமதப்படுத்துவது, செயற்கைக்கோளின் கடிகாரம் தப்புவது எல்லாம் அந்த ஆன்டெனாவுக்கும் ரோவருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி. 'நான் இருப்பது இங்கே, வானம் என்னை அங்கே காட்டுகிறது, வித்தியாசம் இவ்வளவு' என்று அது விநாடிக்கு விநாடி சொல்லிக்கொண்டிருக்கும். ரோவர் இணையம் வழியாக அதைக் கேட்டுத் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும். சில விநாடிகளில் திரையில் 'ஃபிக்ஸ்' என்று வரும். முழுக் கண்ணிகளை எண்ணி முடித்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த நிலையான ஆன்டெனாக்களை வலையாகக் கோர்த்தால் அதற்குப் பெயர் கோர்ஸ். இந்திய நில அளவைத் துறை நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களை வைத்திருக்கிறது. ஊரக வீட்டுமனைகளை ட்ரோன் வைத்து அளக்கும் ஸ்வமித்வா திட்டம் 2020இல் தொடங்கியபோது இந்த வலை வேகமெடுத்தது. விவசாயத்துக்கென்று யாரும் இதைக் கட்டவில்லை. ஆனால் கட்டிய பிறகு எல்லோருடைய வயலும் இதற்குள் வந்துவிட்டது.

*

எங்கள் 84 சென்ட்டை அப்பாவும் பெரியப்பாவும் பிரித்துக்கொண்டது தாத்தா இறந்த பிறகு, கயிறு பிடித்து. பத்திரமெல்லாம் பின்னால் வந்தது. நடுவில் ஒரு வரப்பு. ஒவ்வொரு பட்டத்துக்கும் உழுத பிறகு மண்வெட்டியால் வரப்பின் பக்கத்தைச் செதுக்கி அண்டை வெட்டுவார்கள். களை போகும், எலி வளை போகும், கூடவே அரை விரல் வரப்பும் போகும். இரண்டு பக்கமும் ஒரே அளவு வெட்டினால் வரப்பு நின்ற இடத்திலேயே நிற்கும். ஒரு பக்கம் ஆர்வம் கூடினால் நகரும். கிராமத்தில் வரப்புக்குக் கால் உண்டு.

ஆறு வருஷம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. அக்கா கல்யாணத்துக்குப் பெரியப்பா வந்து மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் போனார். அம்மாவை அதுதான் அதிகமாக அறுத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோவரை எடுத்துப்போய் அளந்தேன். அப்பா கேட்டுக்கொண்டதால்தான். புலப்படத்தில் உள்ள அளவுகளோடு பொருத்திப் பார்த்தால், வரப்பின் மேற்கு முனை சரியாக இருந்தது. கிழக்கு முனை எங்கள் பக்கம் 46 சென்டிமீட்டர் வந்திருந்தது. நீளமான ஒரு முக்கோணம். பரப்பு 13 சதுர மீட்டர், மூன்றில் ஒரு சென்ட். நல்ல விளைச்சலில் அந்த இடத்தில் எட்டுக் கிலோ நெல் வரலாம்.

அப்பா அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். பெரியப்பா வீட்டுத் திண்ணைக்கு நான்தான் போனேன். அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எந்தக் கல்லுல இருந்துடா அளந்தே?"

நான்கு வருஷப் படிப்பில் எந்தப் பேராசிரியரும் இவ்வளவு சரியாகக் கேட்டதில்லை. ரோவர் தன் இடத்தைத் தப்பில்லாமல் சொன்னது. ஆனால் புலப்படம் எங்கிருந்து வந்தது? 1980களின் யுடிஆர் பதிவு மேம்பாட்டில் சரிபார்க்கப்பட்டது. அதற்கும் ஆதாரம் அதற்கு முந்தைய சங்கிலி அளவு. அந்த அளவு தொடங்கியது ஊர் மூலையில் இருந்த ஒரு கல்லில். அந்தக் கல் இன்று தார்ச்சாலைக்கு அடியில். நான் பொருத்திப் பார்த்தது மிச்சமிருந்த இரண்டு கற்களோடு. பெரியப்பா சொன்னது மூன்றாவது ஒரு கல்லை, வேப்பமரத்து வேருக்குள் பாதி புதைந்திருந்ததை. அது அவருடைய அப்பா காட்டிக் கொடுத்தது. அதிலிருந்து அளந்தால் கிழக்கு முனையின் 46 என்பது 19 ஆனது.

இரண்டு சென்டிமீட்டர் துல்லியமுள்ள கருவி, 27 சென்டிமீட்டர் சந்தேகமுள்ள ஒரு காகிதத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது.

அம்மா பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பம். கோர்வைச் சேலை போட்ட வீடு, அதாவது உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில், வேறு வேறு நாடாவில் ஓடி, சேரும் இடத்தில் ஒன்றையொன்று கோர்த்துக்கொள்ளும் நெசவு. நான் எண்களைச் சொல்லிப் புலம்பியபோது அம்மா சொன்னது: "கோர்வைக்கு அளவு டேப்புல கிடையாதுடா. பக்கத்து இழையிலதான். ரெண்டும் புடிச்சிக்கிட்டாதான் கரை."

கடைசியில் 46இலும் இல்லாமல் 19இலும் இல்லாமல் நடுவில் எங்கோ இரண்டு பேரும் சேர்ந்து வரப்பைக் கட்டினார்கள். பட்டாவில் ஒன்றும் மாறவில்லை. அந்தப் பொங்கலுக்குப் பெரியப்பா வீட்டிலிருந்து கரும்பு வந்தது.

*

பெரியப்பாவின் கேள்வி இந்தத் துறையின் அடிப்படைக் கேள்வி. 1802 ஏப்ரல் 10ஆம் தேதி வில்லியம் லாம்டன், பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இமயமலை வரைக்கும் போன மாபெரும் முக்கோண அளவையின் முதல் கோடு அதுதான். அளந்து முடிக்க ஆறு வாரம் ஆனது. இந்தியா முழுவதற்கும் 'எந்தக் கல்லிலிருந்து' என்று கேட்டால் தொடக்ககாலப் பதில், காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஓர் இடம்.

அந்த இடமும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. இந்தியத் தட்டு வருஷத்துக்கு ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. லாம்டன் காலத்திலிருந்து கணக்குப் போட்டால் பதினொரு மீட்டர். பரங்கிமலை, ஏகாம்பரநாதர் கோபுரம், எங்கள் வேப்பமரத்துக் கல் எல்லாமே சேர்ந்து நகர்கின்றன. சேர்ந்து நகர்வதால் நமக்குத் தெரிவதில்லை. ஆனால் செயற்கைக்கோளுக்குத் தெரியும். பூமி முழுமைக்கான ஆயத்தொலைவில் எங்கள் வயலின் எண்ணைக் கல்வெட்டாகச் செதுக்கிவைத்தால், பத்து வருஷத்தில் அது அரை மீட்டர் பொய்யாகிவிடும். எந்த நாளில், எந்த ஆன்டெனாவிலிருந்து அளந்தது என்ற குறிப்போடு இருந்தால்தான் அந்த எண்ணுக்கு உயிர்.

உயரத்தில் இன்னும் வேடிக்கை. எங்கள் வயல் மூலையில் திருத்தம் போடாமல் ரோவர் காட்டிய உயரம் மைனஸில் இருந்தது. கடலுக்குக் கீழே விவசாயம் செய்கிறோமா என்று அப்பா சிரித்தார். செயற்கைக்கோள் உயரத்தைக் கணக்கிடுவது பூமியை வழவழப்பான ஒரு கணித உருண்டையாக வைத்துக்கொண்டு. தண்ணீர் ஓடுவதோ ஈர்ப்பைப் பார்த்து. உலகத்திலேயே இந்த இரண்டுக்கும் இடைவெளி மிக அதிகமாக இருப்பது இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், அங்கே ஈர்ப்புக் கடல்மட்டம் 106 மீட்டர் தாழ்ந்து கிடக்கிறது. அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் தமிழ்நாடு இருக்கிறது. மதகிலிருந்து கடைமடை வரை சில அடி வாட்டத்தில் தண்ணீர் ஓடும் ஊரில், ஈர்ப்பின் உள்ளூர் மாதிரி சரியாக இல்லாமல் செயற்கைக்கோள் உயரத்தை நம்பி வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் வரவேண்டிய பக்கம் வராது. ஏரி வெட்டியவர்கள் தண்ணீரையே மட்டப்பலகையாக வைத்து அளந்தவர்கள். அந்த விஷயத்தில் அவர்களுக்கு இன்னும் சீனியாரிட்டி உண்டு.

*

எங்கள் வயலுக்கு இரண்டு வரப்பு தள்ளிக் கோயில் நிலம். அதில் மூன்று தலைமுறையாகப் பயிர் வைக்கும் குடும்பத்து அக்கா ஒருவர் இருக்கிறார். 2021 செப்டம்பர் முதல் தமிழ்நாடு முழுக்கக் கோயில் நிலங்களை ரோவர் வைத்து அளந்து எல்லைக்கல் நட்டுவருகிறார்கள். ஒரு லட்சம் ஏக்கருக்கும் மேல் அளந்தாயிற்று. ஆக்கிரமிப்பில் கரைந்துபோன நிலத்தை மீட்க இதைவிட நல்ல வழி இல்லை என்றே நினைக்கிறேன்.

அளவைக்காரர்கள் வந்துபோன பிறகு அக்கா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "தம்பி, அந்தக் குச்சி இது யாரு நெலம்னு சொல்லும். இதுல யாரு பயிர் வெக்கிறாங்கன்னு சொல்லுமா?"

சொல்லாது. குத்தகைக்காரர்களைப் பதிவுசெய்ய 1969இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் வாய்மொழிக் குத்தகைதான் எங்கள் பக்கம் வழக்கம். பயிர் இழப்பீடு, காப்பீடு, இப்போது தரும் விவசாயி அடையாள எண் என்று எல்லாமே மெல்ல மெல்ல வரைபடத்தின் கட்டத்தோடும் பட்டாவின் பெயரோடும் இணைகின்றன. கட்டத்தின் கோடு எவ்வளவு கூர்மையாகிறதோ, கட்டத்துக்குள் பெயர் இல்லாதவர் அவ்வளவு தெளிவாக வெளியே நிற்கிறார். முன்பு கோடு மங்கலாக இருந்தபோது கிராம நிர்வாக அலுவலர் நேரில் பார்த்து, "இந்தம்மாதான் பயிர் வெக்கிது" என்று அடங்கலில் எழுத ஒரு இடம் இருந்தது.

1767க்கும் 1774க்கும் இடையில் தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் அன்றைய செங்கல்பட்டுச் சீமையின் சுமார் இரண்டாயிரம் ஊர்களை அளந்தார். அந்த ஆவணங்களிலும் அதையொட்டிய ஓலைக் கணக்குகளிலும் நிலப்பரப்பு மட்டும் இல்லை. விளைச்சலில் யார் யாருக்கு என்ன பங்கு என்பதும் இருக்கிறது. கோயிலுக்கு, ஏரிக்கு, காவலுக்கு, கணக்கனுக்கு, தச்சனுக்கு என்று. அந்தப் பங்கீட்டில் சாதியின் அநீதி அப்படியே இருந்தது, அதை நான் பொற்காலம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அளவை ஒரு வயலைப் பல பேர் நிற்கும் இடமாகப் பார்த்தது. நம்முடைய அளவை ஒரு பலகோணமாகப் பார்க்கிறது, நடுவில் ஒரே ஒரு பெயர்.

*

இனி என்ன ஆகும்? மூன்று வழிகள் தெரிகின்றன.

முதலாவது, வானத்திலிருந்தே திருத்தம் தருவது. ஜப்பானில் வயல்கள் சின்னவை, விவசாயிகளின் சராசரி வயது எழுபதை ஒட்டி இருக்கிறது. அந்த நாட்டு அரசு 2018 நவம்பர் முதல் மிச்சிபிக்கி செயற்கைக்கோள்கள் வழியாக சென்டிமீட்டர் அளவுத் திருத்தத்தை இலவசமாக அனுப்புகிறது. இணையம் வேண்டாம், சந்தா வேண்டாம். ஐரோப்பாவின் கலிலியோ 2023 ஜனவரி முதல் உலகம் முழுமைக்கும் 20 சென்டிமீட்டர் துல்லியத்தை இலக்காக வைத்து இலவசத் திருத்தம் தருகிறது. ஒரு கண்ணி! நம்முடைய நாவிக்? 2023 மே மாதம் ஏவிய என்விஎஸ்-01இல் உள்நாட்டிலேயே செய்த ருபீடியம் அணுக்கடிகாரம் போனது. 2025 ஜனவரியில் ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதலாகப் போன என்விஎஸ்-02, வால்வு திறக்காததால் சேரவேண்டிய பாதைக்குப் போகவில்லை. நாவிக் இன்னும் எழுந்து நிற்க வேண்டும்.

இரண்டாவது, கம்பெனி. டிராக்டர் விற்பவரே திருத்தத்தையும் சந்தாவாக விற்பார். அவர் ஆன்டெனா, அவர் சர்வர், அவர் கணக்கு. எந்தக் கல்லிலிருந்து என்று கேட்டால் அது வணிக ரகசியம்.

மூன்றாவது, பக்கத்து வீட்டுக்காரர். பிரான்ஸில் 2019இல் ஐஎன்ஆர்ஏஇ என்ற அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் தொடங்கிய சென்டிபீட் வலையில், விவசாயிகள், ஆராய்ச்சியாளர்கள், பொது அமைப்புகள் என்று பலரும் தங்கள் கூரையில் ஆன்டெனாவை வைத்துத் திருத்தத்தை எல்லோருக்கும் திறந்துவிடுகிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தக் கருவியின் விலை இன்று ஒரு சுமாரான ஸ்மார்ட்போன் விலை.

மூன்றும் ஒரே வானத்தின் கீழ்தான். 2024 மே 10இல் சூரியப் புயல் அடித்தபோது அமெரிக்காவில் விதைப்புக் காலம். பல வயல்களில் டிராக்டர்கள் வழி தெரியாமல் நின்றன. நமக்குப் புயல்கூட வேண்டாம். பூமியின் காந்த நடுக்கோடு தென்கோடித் தமிழ்நாட்டு வழியாகப் போகிறது. தும்பாவில் 1963இல் ராக்கெட் ஏவியதற்குக் காரணமே அதுதான். அந்தக் கோட்டின் அருகே, பொழுது சாய்ந்த பிறகு அயனி மண்டலத்தில் குமிழிகள் எழும்பி சிக்னலை நடுங்க வைக்கும். சில மாலைகளில் ஏழு மணிக்கு மேல் 'ஃபிக்ஸ்' வராமல் நான் கருவியை மூட்டை கட்டியிருக்கிறேன். அமெரிக்க வயலுக்குச் செய்த கணக்கு இங்கே அப்படியே ஓடாது. இந்த வானத்தை நாள்தோறும் கேட்டுக்கொண்டிருக்கும் உள்ளூர்க் காதுகள் நிறைய வேண்டும்.

அதனால் என் பார்வையில் ஆன்டெனா என்பது ஏரி மாதிரி. ஒருவர் கட்டலாம், ஒருவருக்குச் சொந்தமாக இருக்கக் கூடாது. ஊராட்சிக் கட்டிடத்து மாடியில் ஒன்று இருக்கட்டும். அதன் பதிவு யாரும் பார்க்கும்படி திறந்திருக்கட்டும். அதை வைத்து ஓர் எல்லை திருத்தப்பட்டால், எந்தக் கல், எந்த நாள், யார் பயிர் வைக்கிறார்கள் என்ற மூன்றையும் கிராம சபையில் படித்துக் காட்டட்டும். ஆட்சேபம் உள்ளவர் எழுந்து கேட்கட்டும். ட்ரோன் மருந்தடிப்பு, நடவு இயந்திரம் எல்லாம் அதன் பின்னால் தானாக வரும்.

எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் உத்திரமேரூர்க் கல்வெட்டு இருக்கிறது. பராந்தக சோழன் காலம், 919ஆம் ஆண்டும் 921ஆம் ஆண்டும் வெட்டியவை. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று குழுக்களைக் குடவோலை போட்டுத் தேர்ந்தெடுத்த விதிகள் அதில் உள்ளன. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது, அவருடைய உறவினரும் நிற்க முடியாது. நம் தரவுகளை வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு விதியைப் போட்டாலே போதும் என்று தோன்றும்.

அதே கல்வெட்டில், நிற்பவருக்குக் கால் வேலி நிலமாவது சொந்தமாக இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. கால் வேலி என்றால் ஏக்கர் ஒன்றரைக்கு மேல். 42 சென்ட் வைத்திருக்கும் அப்பாவுக்குத் தகுதி இல்லை. பெரியப்பாவுக்கும் இல்லை. கோயில் நிலத்து அக்காவின் பெயர் ஓலையில் ஏறவே ஏறாது. ஆயிரத்து நூறு வருஷம் கழித்து அந்த விதியில் எதை வைத்துக்கொள்வது, எதை உடைப்பது என்பதை முடிவு செய்துவிட்டு ஆன்டெனாவை நட்டால் நல்லது.